பாரம் குறைந்தால் பல்செட் நிற்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பாரிசவாதம் வந்து ஒன்றரை வருடம். இடப்பக்க முகம் இன்னும் கோணல்தான். பிறகு கட்டிய பல்செட்டில், மேலது வாயைத் திறந்தால் விழுகிறது, கீழது மிதக்கிறது. பாரம் குறைந்த செட் கட்டலாமா, டொக்டர்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: மேல்செட்டுக்குக் கட்டலாம். கீழ்செட் மிதப்பதற்குப் பாரம் காரணமில்லை, மகள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மாவின் இடக்கன்னத்துக்குள் பாருங்கள், சோறு தேங்கியிருக்கும். கன்னத்துத் தசைதான் வெளியிலிருந்து செட்டை அணைத்துப் பிடிப்பது. அது தளர்ந்தால், உள்ளிருந்து நாக்குத் தள்ளத் தள்ள செட் அந்தப் பக்கம் போய்விடும்.

கல்லடியிலிருந்து வந்த ஒரு ஐயாவுக்கு நானும் முதலில் எல்லோருக்கும் போலவே அளவெடுத்துக் கட்டிவிட்டேன். இரண்டு கிழமையில் செட்டைச் சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். "வாயில இருக்கிறதைவிட இதுக்குள்ள நல்லா இருக்கு டொக்டர்" என்றார். பிழை என்னுடையதுதான்.

மறுமுறை, பல் வைக்கும் இடத்தில் இளகிய அச்சுக் கலவையை வைத்து, தண்ணீரை மிடறு மிடறாக விழுங்கச் சொன்னேன். பிறகு பாண்டிருப்பு, பொத்துவில், சம்மாந்துறை என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லவைத்தேன். உதடு கூட வேண்டிய பெயர்கள். நாக்கும் கன்னமும் இரு பக்கமும் நெரித்து, கலவை தானாக ஒரு வடிவத்துக்கு வந்தது. கீழ்ப்பல்லை அந்த இடத்தில்தான் அடுக்க வேண்டும்.

மேல்செட்டில், தொங்கும் கன்னத்தை ஏந்த ஓரத்தைத் தடிப்பாக்குவோம். பாரம் கூடுவது அங்கேதான். அதனால் அந்தத் தடிப்புக்குள் உப்பு வைத்து வார்த்து, சின்னத் துளையால் தண்ணீர் விட்டுக் கரைத்தெடுத்து, துளையை அடைத்துவிடுவார்கள். உள்ளே வெறும் காற்று. பல்முரசு நன்றாகத் தேய்ந்தவர்களுக்கும் இது தோதுப்படும். மெல்லிய சாதாரண செட்டில் குடைய இடமே இருக்காது, யாராவது செய்து தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவுக்குப் புரைக்கேறுகிறதா? அப்படியென்றால் விழுங்குவதை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள், செட் அப்புறம். பாரிசவாதத்தில் கன்னம் மரத்தும் போயிருக்கலாம். செட் உரசிப் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் தினமும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும்.

பழைய செட் இரண்டையும் கோபத்தில் எறிந்துவிடாமல் கொண்டுபோங்கள். கடி உயரம், அதாவது பல்லைக் கடித்து மூடும்போது தாடைகளுக்கு இடையே உள்ள உயரம், எங்கே பிழைத்தது என்று அதில்தான் முதலில் பார்ப்போம்.