குலா மலாக்காவும் கொழுப்பணுவும்: ஒரு கடிதம்

வணக்கம் தம்பி. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து பல வருடம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் எல்லையில் இருக்கிறது, ஈரலில் கொழுப்பு வேறு என்று கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து வெள்ளைச் சீனியே வாங்குவதில்லை. தேத்தண்ணிக்குக் குலா மலாக்கா, காலையில் வெந்நீரில் இரண்டு பெரிய கரண்டி தேன். இயற்கை இனிப்பு கொழுப்பாக மாறாது என்று வாட்சாப்பில் வந்தது. மூன்று மாதத்தில் எடை கூடித்தான் இருக்கிறது. இப்போது ஒருத்தர் பழமும் ஆகாது என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி

வணக்கம் அக்கா.

வாட்சாப்பில் வந்தது தப்பு. நீங்கள் அவர் மேல் உள்ள அக்கறையில் செய்ததைத்தான் அந்தச் செய்தி கெடுத்துவிட்டது, எனக்கு அதில்தான் கோபம்.

குலா மலாக்கா தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. மணம் உண்டு, நிறம் உண்டு, கொஞ்சம் தாது உப்பும் உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், கடைச் சீனியில் இருக்கும் அதே சரக்கு. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். நீங்கள் கொடுக்கும் இரண்டு கரண்டியில் ஏறக்குறைய 34 கிராம் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, தேனையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று. அவர் பசியாறுவதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது.

அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் நான் கூடப் போவேன். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் பால் பிடிக்கும் மங்கு நிரம்பி, பால் பட்டையோடு வெள்ளையாக வழிந்து வேர்வரை இறங்கும், அம்மா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற உயிரணுவான கொழுப்பணுவை நினைத்தால் எனக்கு அந்த மங்குதான் ஞாபகம் வருகிறது. அது நமக்கு எதிரி இல்லை அக்கா. மிச்சமான கொழுப்பைப் பத்திரமாகப் பிடித்து வைக்கிற இடம், அதோடு அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுவதும் அதுதான். சீனி உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் கொழுப்பணுவுக்குள் போக இன்சுலின் கதவு திறக்கிறது. ஃப்ரக்டோஸில் பெரும்பங்கு ஈரலுக்குப் போகிறது, அளவு மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது, அதையும் கொழுப்பணுதான் வாங்கி வைக்க வேண்டும். இப்படியே வாங்கி வாங்கி அணு வீங்குகிறது, உயிர்க்காற்று போதாமல் போகிறது, நோய் எதிர்ப்பு அணுக்கள் சுற்றி வந்து அழற்சி உண்டாகிறது, அடிப்போனெக்டின் குறைகிறது, இன்சுலின் சொல்வதும் அதற்குக் கேட்பதில்லை. அப்புறம் வழிவதெல்லாம் ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. வீட்டுக்காரர் ஈரலில் இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு இப்படி வந்ததாக இருக்கலாம். சோறும் அளவு மிஞ்சினால் இதே வேலையைச் செய்யும்.

நம் ஆட்களுக்கு இது சீக்கிரம் வருகிறது. கை கால் மெலிந்திருக்கும், வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கும். எடையை மட்டும் பார்க்காதீர்கள், தையல் டேப்பை எடுத்து அவர் இடுப்பை அளந்து பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை.

சரி, பழம். கொடுங்கள். கொய்யாவிலும் ஃப்ரக்டோஸ் இருக்கிறது, ஆனால் நாருக்குள் அடங்கி, மென்று தின்று, மெதுவாக இறங்குகிறது, ஒன்று தின்றால் வயிறும் நிறைந்துவிடும். அதையே ஜூஸாக அடித்து வடிகட்டினால் மூன்று பழம் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். ஜூஸ் வேண்டாம். டுரியான் சீசனில் ஒரு சுளையோடு நிறுத்தச் சொல்லுங்கள், அன்றைக்குச் சோற்றையும் குறைத்துக்கொள்ளட்டும்.

தேத்தண்ணியில் குலா மலாக்காவை உடனே நிறுத்தினால் அவர் குடிக்கவே மாட்டார். வாரம் ஒரு கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். கடையில் உட்கார்ந்தால் தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, கேட்கட்டும். காலையில் வெறும் வெந்நீர் போதும். கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தால் இதையெல்லாம் நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ரத்தச் சோதனை முடிந்ததும் எழுதுங்கள், ஈரலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.