ஸ்காபரோ வளவில் நம்மூர் மிளகாய்: எப்போது விதைப்பது?

கொக்குவிலில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. மார்ச் கடைசியில் போய் ஒக்டோபர் வரை நிற்பது இவருக்கு வழக்கம். "போன வருஷம் ஏப்ரலில் நல்ல வெயில் எறித்தது என்று பின் வளவைக் கொத்தி மிளகாய், கத்தரி, வெண்டி, அவரை எல்லாம் போட்டேன். பாதி முளைக்கவே இல்லை. முளைத்த மிளகாயும் கத்தரியும் ஓகஸ்ட் கடைசியில்தான் பூத்தன. பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் ஒரே இரவில் கருகிப்போயின. வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலையும் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. இங்கே எதை நட்டாலும் எனக்கு வரும், அங்கே ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார்.

உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை அம்மா. விதைத்த நாள்தான் பிழையாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மழையைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை எப்போது ஓயும், நாற்றுமேடையில் எப்போது விதை தூவலாம், சித்திரைக்குக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதே எங்கள் யோசனை. குளிரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மார்கழிப் பனியிலும் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது இங்கே அபூர்வம். ஸ்காபரோ இருக்கும் ரொறன்ரோப் பக்கம் கணக்கு வேறு. வசந்தத்தின் கடைசி உறைபனி எப்போது, இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி எப்போது என்ற இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் தோட்டம் முழுவதும் நடக்கிறது. பொதுவாக மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம், ஒக்டோபர் முற்பகுதியில் திரும்பவும் வந்துவிடலாம். ஒன்ராறியோ ஏரிக்கரையை விட்டு உள்ளே போகப் போக இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். நடுவில் கிடைப்பது ஏறக்குறைய 5 மாதம். அதிலும் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் குளிர்ந்த வாரங்களில் மிளகாயும் கத்தரியும் உயிரோடு நிற்கும், ஆனால் வளராது.

இப்போது மிளகாயின் பக்கத்தைப் பாருங்கள். விதை போட்ட நாளில் இருந்து காய் பறிக்க 4 மாதத்துக்கு மேல் பிடிக்கும். குளிர் மண்ணில் இன்னும் இழுக்கும். அங்கே வெளியில் கிடைக்கும் சூட்டுக்குள் அந்தக் காலம் அடங்காது. ஆகவே அதன் முதல் 2 மாதத்தை வீட்டுக்குள் கழித்துவிட வேண்டும். அங்கே வீட்டுத் தோட்டம் செய்கிற எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மே 25க்கு முன் வருகிற திங்கட்கிழமை கனடாவில் விக்டோரியா நாள், விடுமுறை. அந்த வார இறுதியில்தான் பலர் நாற்றை வெளியில் நடுவார்கள். அதில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், பாகல், புடோல், பீர்க்குக்கு 3 அல்லது 4 வாரம். அப்படியென்றால் மிளகாய் விதை மார்ச் நடுப்பகுதியில் சட்டியில் விழ வேண்டும். நீங்கள் போய் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அதை மகளிடம் போடச் சொல்லுங்கள். கொடிகளை நீங்கள் போய் ஏப்ரல் கடைசியில் போடலாம்.

ஏப்ரல் வெயில் ஏன் ஏமாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். காற்று சூடாகிவிடும், மண் சூடாகாது. மாதக்கணக்கில் உறைந்து கிடந்த நிலம் அது. வெளியில் 16 பாகை வெயில் எறிக்கும்போது இரண்டு அங்குலம் கீழே அதில் பாதிதான் இருக்கும். அந்த ஈரக் குளிரில் விதை ஊதும், முளைக்காமல் அழுகிவிடும். மண் 16, 18 பாகைக்கு வந்த பிறகே எங்களுடைய பயிர்களுக்கு அது நிலம். மண்ணில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். வெண்டியையும் கீரையையும் ஜூன் முதல் வாரத்தில் நேரடியாக நிலத்தில் போட்டால் போதும். கீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வந்துவிடும்.

சரி, வீட்டுக்குள் எப்படி வளர்ப்பது? விதை முளைக்கச் சூடு வேண்டும், முளைத்த பிறகு வெளிச்சம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான நாற்றுகள் கெடுகின்றன.

மிளகாய் விதைக்கு 27 பாகையை ஒட்டிய சூடு பிடிக்கும். அங்கே வீடுகளில் 20, 21 பாகைதான் வைத்திருப்பார்கள், அதில் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சட்டியை மூடிபோட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலேயோ, நிலக்கீழ் அறையில் வெப்பமூட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்திலோ வையுங்கள். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்து விளக்குக்குக் கீழே கொண்டு வர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். வளர்ப்பு விளக்கு ஒரு சாண் உயரத்தில், ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும். இரவில் அணைத்துவிடுங்கள். யன்னல் வெளிச்சம் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். தெற்குப் பார்த்த பெரிய யன்னல் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். மற்றத் திசை யன்னல்களை நம்ப வேண்டாம்.

விதைக்குத் தோட்டத்து மண்ணை எடுக்காதீர்கள். கடையில் நாற்றுக்கென்றே விற்கும் கலவையை வாங்குங்கள். தண்ணீரை மேலால் ஊற்றாமல் தட்டில் விட்டு, சட்டி அடியால் உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழாயில் வரும் பனிக்கட்டி போன்ற தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்தால் நல்லது. ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் நாற்றழுகல் வரும். நம் நாற்றுமேடையில் அடைமழைக்கு வருகிற அதே நோய்தான், தண்டின் அடி சுருங்கி நாற்று சாய்ந்துவிடும். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்றால் அது குறையும், தண்டும் தடிக்கும்.

பாகல், புடோல் விதைகளின் ஓட்டை நகவெட்டியால் ஓரத்தில் லேசாக நறுக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முளை விட்டதும் கடதாசிக் கோப்பையில் ஒவ்வொன்றாக ஊன்றுங்கள். இவற்றின் வேர் கலைந்தால் கொடி கோபித்துக்கொள்ளும். நடும்போது கோப்பையைக் கிழித்து மண்ணோடு அப்படியே இறக்கலாம்.

வெளியில் நடுவதற்கு முன் நாற்றைப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலும் காற்றும் காட்டி, 7 முதல் 10 நாளில் முழு நாளும் வெளியில் நிற்கச் செய்யுங்கள். இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடுக்க வேண்டும். என் மகன் வீட்டில் நான் முதன்முதலாகச் செய்த தோட்டத்தில் இந்தப் பொறுமை எனக்கு இருக்கவில்லை. மே மாதம் 8ஆம் தேதி வெயிலை நம்பி 20 தக்காளி நாற்றையும் நட்டேன். நான்காம் இரவு வானம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது. காலையில் எல்லா இலையும் வெந்த கீரை மாதிரித் தொங்கியது. ஸ்னோ ஒரு பொட்டும் விழவில்லை. உறைபனிக்கு ஸ்னோ தேவையில்லை, முகிலும் காற்றும் இல்லாத இரவே போதும். அப்படிப்பட்ட இரவுகளில் பழைய படுக்கை விரிப்பால் செடியை மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ வரும் முதல் உறைபனியையும் இப்படித் தாண்டினால், பிறகு இரண்டு வாரம் நல்ல வெயில் கிடைப்பதுண்டு. போன வருஷம் உங்கள் பிஞ்சுகளையும் இதனால் காப்பாற்றியிருக்கலாம்.

நடுகிற இடத்துக்கு வீட்டின் தெற்குச் சுவர் ஓரத்தை எடுங்கள். பகலில் வாங்கிய சூட்டைச் செங்கல் இரவில் கொடுக்கும். அந்தப் பக்கம் பல வளவுகளில் களிமண், நம் செம்மண்ணில் இறங்குவது போல அதில் தண்ணீர் இறங்காது. ஆகவே மிளகாய்க்கும் கத்தரிக்கும் கறுப்பு வாளிகளே நல்லது. கறுப்பு நிறம் மண்ணைச் சீக்கிரம் சூடாக்கும், அடியில் துளை போட்டால் தண்ணீரும் வடியும். வாளியில் இன்னொரு இலாபம் உண்டு. மிளகாய் பல வருஷம் நிற்கும் செடி. செப்டெம்பரில் கிளைகளை வெட்டி வாளியோடு உள்ளே எடுத்து, யன்னலோரம் சும்மா உயிரோடு வைத்திருந்தால், அடுத்த கோடையில் அது புது நாற்றுக்கு முன்பே காய்க்கும்.

இனி அவரை. அது முளைத்தாலும் உங்களுக்குக் காய் தந்திருக்காது, காரணம் பகலின் நீளம். யாழ்ப்பாணத்தில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். ரொறன்ரோவில் ஜூன் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும், டிசெம்பரில் 9 மணி நேரம்கூட இல்லை. நம்முடைய பழைய கொடி அவரையும் சிறகவரையும் பகல் குறுகிய பிறகே பூக்கிறவை. அங்கே பகல் போதிய அளவு குறுகும்போது குளிர் வாசலில் நிற்கும். அவற்றை விட்டுவிட்டுப் பயிற்றை போடுங்கள், பெரும்பாலான பயிற்றை இனங்கள் இதைப் பார்ப்பதில்லை. பாகலும் நீண்ட பகலில் ஆண் பூவாகவே நிறையப் பூக்கும். பயப்பட வேண்டாம், ஓகஸ்டில் பெண் பூ கூடும்.

விதையை இங்கிருந்து கொண்டுபோவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மண்ணோ மண்ணோடு கூடிய கன்றோ கொண்டுபோகவே முடியாது. விதைக்கும் பயிருக்குப் பயிர் விதி மாறும், அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படலாம். எதுவானாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்காபரோ, மார்க்கம் தமிழ்க் கடைகளில் வசந்த காலத்தில் நம்மூர்க் காய்கறி விதையும் நாற்றும் விற்கிறார்கள். அங்கேயே வாங்குவதுதான் நிம்மதி.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். அது செத்துவிட்டது என்று எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். குளிரும் வெளிச்சக் குறைவும் வந்தால் அது இலை கொட்டித் தூங்கும். டிசெம்பர் நண்பகலில் சூரியன் அங்கே ஏறக்குறைய 23 பாகைக் கோணத்துக்குத்தான் எழும்பும், இங்கே அதே நாளில் 57 பாகை. எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்று பாருங்கள். இலை கொட்டிய செடிக்கு வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் அதைக் கொல்லும். தூங்கும் வேர் உறிஞ்சாது, அழுகிவிடும். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். இரவு 12 பாகைக்கு இறங்கும்போதே, அதாவது செப்டெம்பர் நடுப்பகுதியில், உள்ளே எடுக்க வேண்டும். அதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் கழுவுங்கள். வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் சிலந்திப் பேனும் செதில் பூச்சியும் மளமளவென்று பெருகும். வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு நேரே சாடியை வைக்காதீர்கள். ஜூனில் வெளியே வைத்து நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும்.

முருங்கையும் சாடியில் வரும். இலைக்கு மட்டும், காயை எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் ஒக்டோபரில் திரும்பி வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் எங்களால் வளர்க்க முடியாத ஒரு பயிர் உள்ளி (வெள்ளைப்பூண்டு), குளிர் படாமல் அது சரியாகப் பல் கட்டாது. அங்கே உறைந்த நிலத்துக்குள் படுத்துக்கிடந்துதான் அது திரள்கிறது. செப்டெம்பரில் சந்தையில் ஒன்ராறியோ உள்ளி வாங்கி, பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க இரண்டு மூன்று அங்குலம் ஆழத்தில், அரை அடிக்கு ஒன்றாக ஊன்றி, உதிர்ந்த இலையை மேலே தடிப்பாகப் பரப்பிவிடுங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, நீங்கள் திரும்பப் போய் நிற்கிற நேரம், சருகுக்குள்ளால் பச்சை நுனி எட்டிப் பார்க்கும். ஜூலையில் கீழ் இலைகள் மஞ்சளானதும் கிளறி எடுத்து, நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள்.