ஸ்பானிய மொழியில் இம்பெர்ஃபெக்தோ என்ற இறந்தகாலத்தை எங்கே பயன்படுத்துவது?

வடிவம் சுலபம். ‘ஆர்’ என்று முடியும் வினை என்றால் ஆபா: கமினார் (நடப்பது) கமினாபா, கமினாபாஸ், கமினாபமோஸ், கமினாபான் என்று போகும். ‘எர்’, ‘இர்’ இரண்டுக்கும் ஈயாதான்: கோமேர் (சாப்பிடுவது) கோமீயா, சலிர் (வெளியே போவது) சலீயா. நிகழ்காலத்தில் பியென்சோ என்று உருமாறிப் படுத்தும் பென்சார் (யோசிப்பது) கூட இங்கே சமர்த்தாகப் பென்சாபா ஆகிவிடும். விதிக்கு அடங்காதவை செர் (இருப்பது), இர் (போவது), வேர் (பார்ப்பது) மூன்றே. நான், அவன், அவள் எல்லோருக்கும் ஒரே வடிவம் என்பதால், யாரென்று தெரியாத இடத்தில் யோ, எல், எய்யா சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிரமம் எல்லாம் பயன்பாட்டில்தான். நடந்து முடிந்ததைச் சொல்ல இன்னொரு இறந்தகாலம் (கமினே, கோமி) இருக்கிறதே! ஆங்கிலம் வழியாக இதைப் படித்துக் குழம்புபவர்களுக்கு நான் சொல்வது: தமிழில் யோசியுங்கள். “சின்ன வயதில் பள்ளிக்கு நடந்தே போவேன்” என்கிறோம். பழைய வழக்கத்துக்கு நாம் ‘போவேன்’ போடும் இடத்தில் அவர்கள் இம்பெர்ஃபெக்தோ போடுகிறார்கள்: தெ நின்யோ கமினாபா ஆ லா எஸ்குவேலா. அதேபோல ‘கொண்டிருந்தேன்’ வரும் இடம்: கோமீயா குவாந்தோ யெகோ மி தீயோ. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது, அதனால் கோமீயா. மாமா வந்தது ஒரே நிகழ்வு, அதனால் யெகோ.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. “பத்து வருஷம் மத்ரித்தில் வசித்தேன்.” நீண்ட காலம் என்பதால் இம்பெர்ஃபெக்தோ போடத் தோன்றும். கூடாது. இங்கே ‘வசிப்பேன்’ என்று மாற்றிப் பாருங்கள், பொருந்தாது. கால அளவு சொல்லி முடித்தாகிவிட்டது, ஆகவே விவி (வசித்தேன்).

வயது, தோற்றம், மனநிலை, வீட்டில் எத்தனை ஜன்னல் இருந்தது போன்ற பின்னணி விவரங்களுக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. அங்கே யோசிக்காமல் இம்பெர்ஃபெக்தோ: தெனீயா தியெஸ் ஆன்யோஸ், எனக்குப் பத்து வயது. சபேர் வினையில் வித்தியாசம் இன்னும் அழகு. சபீயா என்றால் ‘அப்போதே தெரியும்’, சூபே என்றால் ‘அன்றுதான் தெரியவந்தது’.

அப்புறம், ஸ்பெயினில் காபி கேட்கும்போது கியெரோ (வேண்டும்) என்பதைவிடக் ‘கெரீயா உன் கஃபே’ (ஒரு காபி வேண்டும்) என்றால் கொஞ்சம் பணிவாக ஒலிக்கும். இறந்தகால வடிவம்தான், ஆனால் கேட்பது இப்போது வேண்டிய காபியை.