கேள்வி பதில்: கடிதத்தில் இருந்த நாற்காலி

கேள்வி: மூன்று வருடமாக இணையத்தில் கட்டுரை எழுதுகிறேன். பிழை இல்லை, தகவல் சரி என்கிறார்கள். ஆனால் 'இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்' என்று என் தோழி சொல்லிவிட்டாள். எனக்கென்று ஒரு குரல் வர என்ன செய்ய வேண்டும்? ஒரு கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்: கட்டுரையைப் படித்தேன். அப்புறம் உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கட்டுரை இப்படித் தொடங்குகிறது: "இன்றைய அவசர உலகில் தூக்கமின்மை முக்கியப் பிரச்சினையாகக் கருதப்படுகிறது." கடிதத்தின் கடைசியில், "குழந்தை தூங்கினதும் எழுதுவேன். நாற்காலியை இழுத்தால் விழித்துக்கொள்வான் என்று நின்றுகொண்டே டைப் செய்த நாளும் உண்டு" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தூக்கத்தைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்தது அந்த நாற்காலி. அதை எனக்குச் சொல்லிவிட்டு, வாசகர்களுக்குக் 'கருதப்படுகிறது' என்பதைக் கொடுத்திருக்கிறீர்கள்.

யார் கருதுகிறார்கள்? செயப்பாட்டுவினையில் செய்தவர் மறைந்துவிடலாம். அரசாணைக்கும் அறிவிப்புக்கும் அது தேவைதான். உங்கள் கட்டுரையில் 'படுகிறது' 14 இடங்களில் வருகிறது, 'என்பது குறிப்பிடத்தக்கது' 4 இடங்களில். ஒவ்வொன்றிலும் நின்று 'யார்?' என்று கேளுங்கள். 'நான்' என்று பதில் வந்தால் அப்படியே திருத்துங்கள். 'எங்கோ படித்தது' என்று வந்தால் எடுத்துவிடுங்கள்.

எனக்கும் இது புரியக் காலமானது. அப்பாவுக்குக் காது மந்தமானபோது, முதியோரின் செவித்திறன் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு கடிதமும் வரவில்லை. அடுத்த வருடம், அவர் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிய நாளைப் பற்றி மட்டும் எழுதினேன். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு வந்த கடிதங்களில் அப்பாவை விசாரித்தவர்கள் குறைவு. அவரவர் அம்மாவை, மாமனாரை, தன் சொந்தக் காதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: 'நான், எனக்கு' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. தற்பெருமையாகத் தெரியாதா? 'நாம்' என்று எழுதினால் நெருக்கமாகவும் இருக்குமே?

பதில்: 'நாம்' என்பதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் வாசகரைச் சேர்க்கிறோமா இல்லையா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். 'நாம் பெற்றோரை மறந்துவிட்டோம்' என்று எழுதினால், பத்து வருடமாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவரையும் அந்தக் குற்றத்தில் சேர்த்துவிடுகிறீர்கள். அவர் அந்த வரியோடு எழுந்து போய்விடுவார். 'மூன்று மாதமாக நான் அம்மாவைக் கூப்பிடவே இல்லை' என்று எழுதுங்கள். இதில் பெருமை எங்கே இருக்கிறது? எழுதுகிற ஒவ்வொரு கதையிலும் கடைசியில் நீங்களே ஜெயிக்கிறீர்கள் என்றால், அப்போது கூச்சப்படலாம்.

கேள்வி: பேச்சுத் தமிழிலேயே எழுதிவிடலாமா?

பதில்: உரையாடல்களில் தாராளமாக. முழுக் கட்டுரையும் என்றால் யோசிப்பேன். நேரில் பேசும்போது முகமும் குரலின் ஏற்ற இறக்கமும் கூடவே வருகின்றன. 'வந்துட்டாங்க' என்று எழுதினால் மட்டும் அவை வந்துவிடாது. எழுதியதை வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்குகிற இடத்தைத் திருத்தினால் போதும்.

கேள்வி: வீட்டில் நடந்ததை எழுதினால் வீட்டில் வருத்தப்படுகிறார்கள். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பதில்: காது பற்றிய கட்டுரையை அனுப்பும் முன் அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார். அதுதான் நான் மிகவும் பாடுபட்டு எழுதிய பத்தி. எடுத்துவிட்டேன். உங்கள் பயத்தையும் தவறையும் எழுத யாரிடமும் கேட்க வேண்டாம். மற்றவரின் நோய், கடன், பிரிவு எல்லாம் அவருடையவை. கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். எட்டு வயதில் சரி என்று தலையாட்டியதை இருபது வயதில் அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

கேள்வி: தொடக்கம் நன்றாக வருகிறது. முடிவுதான் சொதப்புகிறது. மாமாவின் வீட்டைக் காலி செய்ததைப் பற்றிய கட்டுரையை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலில் இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. போகப் போக வலுக் குறைந்து முடிவது. 'கூறியது கூறல்' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் கடைசிப் பத்தியில் இரண்டும் சேர்ந்துவிட்டன. சாமான்கள் எல்லாம் போன பிறகு, படம் மாட்டியிருந்த சதுரம் மட்டும் சுவரில் பழைய நிறத்தோடு தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கேயே நிறுத்துங்கள். அதன் பிறகு 'எனவே உறவுகளைப் போற்றுவோம்' என்று தொடங்கும் எட்டு வரியை வெட்டிவிட்டு மறுபடி எனக்கு அனுப்புங்கள்.