ஐந்து வருடத்தில் நிழல் தரும் என்று சொல்லி விற்ற யெல்லோவுட் கன்று

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறோம். மே மாதம் ஒரு நர்சரியில் 850 ரேண்ட் கொடுத்து யெல்லோவுட் மரக்கன்று வாங்கினேன். ஐந்தே வருடத்தில் முற்றம் முழுக்க நிழல் விழும் என்றார்கள். இப்போது ஆகஸ்ட், ஒரு புது இலைகூட வரவில்லை, கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. கேட்டால், செடிகொடிக்கு கேரண்டி கிடையாது, ரசீதிலேயே போட்டிருக்கிறது என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் கன்று உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள் அம்மா. தண்டில் நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் நட்டதே குளிர்காலத் தொடக்கத்தில், உங்கள் ஊரில் அப்போது மழையும் இல்லை, சில இரவுகளில் உறைபனியும் விழும், அந்த மாதங்களில் இந்த மரம் துளிர்க்காது. என்றும் பசுமையான மரமும் பழைய இலையை உதிர்க்கத்தான் செய்யும். கறிவேப்பிலையையும் முருங்கையையும் வளர்த்துப் பழகிய கண்ணுக்கு இது நின்றுவிட்டது போலத்தான் தெரியும்.

ஆனால் ஐந்து வருடத்தில் முற்றம் முழுக்க நிழல் என்று சொன்னது தப்பு, அதை நான் விடமாட்டேன். இந்த நாட்டின் தேசிய மரமான அசல் யெல்லோவுட், ஜுலு மக்கள் உம்கோபா என்பது, நிதானமாக வளர்வதற்கே பேர்போனது. அதே யெல்லோவுட் என்ற பேரில் ஹென்கெல் என்ற வகையும் விற்கிறது, விரல் நீளத்தையும் தாண்டி இலைகள் தொங்கிக்கொண்டிருக்கும், அது கொஞ்சம் வேகமாக வளரும். ஔட்டெனிக்குவா என்ற இன்னொரு வகை காட்டில் ராட்சத மரமாகிவிடும், சின்ன முற்றத்துக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் லேபிளில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது? வெறும் யெல்லோவுட் என்று மட்டும் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் வேர். ஓரமாக மண்ணை மெல்ல விலக்கிப் பாருங்கள். வேர்கள் பையின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றி இறுகிப் போயிருந்தால், கன்று பையிலேயே நெடுநாள் கிடந்தது என்று அர்த்தம், அது விற்றவர் தந்த குறை. வேர் நன்றாக இருந்து குழியில் தண்ணீர் தேங்கி அழுகியிருந்தால் அதை அவர்மேல் போட முடியாது.

சரி, பணம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் தரமில்லாமல் இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். கேரண்டி கிடையாது என்று ரசீதில் அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. உங்களுக்கு நவம்பர் வரை நேரம் இருக்கிறது. வாயால் கேட்டது போதும், தேதி, விலை, அவர்கள் சொன்ன வார்த்தை, படங்கள் எல்லாம் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

வேர் நன்றாக இருக்கிறது என்றால், என்னைக் கேட்டால் மரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மழை தொடங்கும்வரை வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அடியில் காய்ந்த இலையைக் கனமாகப் பரப்புங்கள், அந்த இலை தண்டில் மட்டும் படக் கூடாது. பனி விழும் இரவில் பழைய சாக்கைப் போர்த்திவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டிவிட்டால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

மாற்றுக் கன்று வாங்குவதானால் ஒன்று மட்டும் பாருங்கள். காட்டிலிருந்து தோண்டி எடுத்து மலிவாக விற்பதைத் தொடாதீர்கள். யெல்லோவுட் பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் இல்லாமல் காட்டு மரத்தை எடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். விதையிலிருந்து வளர்த்ததா என்று விற்பவரிடம் கேட்டு, அதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.