ஆயில் மாற்றிய பிறகு கசிவும் எரியும் வாடையும்: வண்டியை ஓட்டாதீர்கள்

நண்பரே, ஆயில் மாற்றிவிட்டு வந்த மறுநாளே வண்டிக்கு அடியில் சொட்டுகிறது, எரியும் வாடை வருகிறது, சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது என்கிறீர்கள். வாடை மட்டும் என்றால், சிந்திய ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டுக் கருகுவதாக இருக்கலாம். ஆனால் அந்த விளக்கு வேறு விஷயம். ஆயில் அழுத்தம் குறைகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. கடை வரைக்கும்கூட ஓட்டிப் போகாதீர்கள், சில நிமிடங்களில் இன்ஜின் பேரிங் (உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போய்விடக்கூடும்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் அதிலுள்ள கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் கசிவு பெரிது.

எனக்குச் சந்தேகம் ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் மேல்தான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். முதலில் தாங்கும், அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஆயிலைக் கொட்டிவிடும். அப்புறம் பழைய ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் டிரெயின் போல்ட்: வாஷர் மாற்றாமல் விட்டாலோ மரை கோணலாக ஏறியிருந்தாலோ அங்கேயும் சொட்டும்.

எதையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரரை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். குறைந்த ஆயிலை ஊற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபில்டரை உங்கள் கண்முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.