நர்ஸா, மிட்வைஃபா? பிளஸ் டூ முடித்ததும் முடிவெடுக்க வேண்டியதில்லை

“பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்திருக்கிறேன். பிரசவம் பார்க்கும் வேலையில்தான் ஆசை. வீட்டில் நர்சிங் படி என்கிறார்கள். இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மிட்வைஃப் படிப்பு) படித்தால் சீக்கிரம் மிட்வைஃப் ஆகிவிடலாமா?” – திண்டுக்கல் வாசகி

உங்கள் ஆசை பிரசவம் பார்ப்பதில் என்பதால், ஏ.என்.எம். வேண்டாம் என்பேன். அதைப் படித்தவர்கள் வழக்கமாகப் போவது கிராம சுகாதார செவிலியர் பணிக்கு. கர்ப்பிணிகளுக்கு பிக்மி எனும் அரசு இணையப் பதிவு, தடுப்பூசி, வீடு வீடாகப் போய் விசாரிப்பது என்று ஊரே நம்பியிருக்கும் வேலை அது, குறைவாக நினைத்துவிடாதீர்கள். ஆனால் தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். கிராம நர்ஸம்மா கையில் குழந்தை பிறப்பது அரிதாகிவிட்டது.

பிரிட்டனில் பள்ளி முடித்ததும் மிட்வைஃப் பட்டப்படிப்பில் நேராகச் சேரலாம். இங்கே நர்சிங் படித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக முடியும். ஜி.என்.எம். (பொது நர்சிங், மிட்வைஃபரி டிப்ளமோ) 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. எதைப் படித்தாலும் மகப்பேறு பாடமும் லேபர் ரூம் பயிற்சியும் உண்டு. முடித்துப் பதிவு செய்யும்போது நர்ஸ், மிட்வைஃப் இரண்டு தகுதியும் சேர்ந்தே வரும். அதற்கு மேல் 18 மாத ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ பயிற்சி இருக்கிறது. சிக்கலில்லாத பிரசவங்களை இவர்களே முன்னின்று பார்க்கலாம் என்று மத்திய அரசு 2018-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. தெலங்கானா இதில் முன்னோடி. இத்தகைய பணியிடங்கள் இன்னும் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. வரும்வரை கையில் நர்ஸ் வேலை இருக்கும். வீட்டார் சொல்வதும் உங்கள் ஆசையும் ஒரே வழியில்தான் போகின்றன. வசதி இடம் கொடுத்தால் பி.எஸ்சி. சேருங்கள்.

இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது லேபர் ரூமில்தான் தெரியும். முதல் பிரசவம் என்றால் வலி பல மணி நேரம் நீளும். அத்தனை நேரமும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டும். இடுப்பைத் தேய்த்துவிட வேண்டும், நடக்க வைக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். அது நிமிடத்துக்கு 110-க்குக் கீழே போனாலோ 160-ஐத் தாண்டினாலோ கவனம் கூட வேண்டும். அவசரப்பட்டுக் கை வைக்காமல் காத்திருக்கும் பொறுமையும், குழந்தை பிறந்த பின் ரத்தப்போக்கு மிஞ்சினால் அடுத்த நொடியே டாக்டரை அழைத்துவிட்டு, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் மருந்தை எடுக்கும் வேகமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். எல்லாப் பிரசவமும் சிரிப்பில் முடியாது. இறந்து பிறந்த குழந்தையைத் துடைத்துத் தாயிடம் காட்டுவதும் மிட்வைஃபின் வேலைதான். அந்த நாளுக்குப் பிறகும் மறுநாள் டியூட்டிக்குப் போக மனம் வந்தால், தயங்காமல் இந்தப் பக்கம் வாருங்கள். ஐ.சி.யூ.வோ, ஆபரேஷன் தியேட்டரோ, குழந்தைகள் வார்டோ பிடித்துப்போனாலும் நஷ்டமில்லை, அதே பட்டம் அங்கேயும் செல்லும்.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் நர்ஸுக்கும் மிட்வைஃபுக்கும் தனித்தனிப் பதிவு. நர்ஸாகப் போனவர் அங்கே லேபர் வார்டில் மிட்வைஃப் வேலை பார்க்க முடியாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மாணவிகளைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே மாதம் எத்தனை சுகப்பிரசவம் நடக்கிறது? சிசேரியனே அதிகம் நடக்கும் இடத்தில் பிரசவம் பார்க்கக் கை பழகாது. பிரசவக் கூட்டம் அதிகமுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பும் கல்லூரியாகப் பாருங்கள்.